கார் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்யணும்? மஞ்சள் எரிந்தால்? - முழு விளக்கம்

தொடர் விடுமுறை வந்தாலே சென்னை - திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் கார்களைப் பார்க்கலாம். அதில் பல கார்கள் திடீரென்று நின்றிருக்காது. நிற்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பே, சில சமயம் சில நாட்கள் முன்பே, டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்திருக்கும். 'வண்டி நல்லாத்தானே ஓடுது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டியிருப்பார்கள்.

எல்லா விளக்குக்கும் பதறி வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சில விளக்குகளுக்கு அடுத்த ஊர் வரை கூடப் போகக் கூடாது. சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரிக்கும் செலவாக மாறுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான். எந்த விளக்குக்கு என்ன செய்யணும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் கலரைப் பாருங்க

டேஷ்போர்டு விளக்குகளின் படங்களுக்கு ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதனால் எந்த கம்பெனி காராக இருந்தாலும் முக்கியமான படங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். எல்லாப் படத்தையும் மனப்பாடம் செய்ய முடியாவிட்டாலும், கலரைப் பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

சிவப்பு: ஆபத்து. பாதுகாப்பான இடம் பார்த்து வண்டியை நிறுத்தணும்.

மஞ்சள் அல்லது ஆரஞ்சு: கோளாறு இருக்கு, கவனிக்கணும். பெரும்பாலும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டலாம். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

பச்சை, நீலம்: தகவல் மட்டும். இண்டிகேட்டர், ஹெட்லைட், ஹை பீம் போட்டிருக்கீங்க என்று சொல்கிறது. சில கார்களில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் தெர்மாமீட்டர் படம் வரும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம். அது அணையும் வரை ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்காமல் நிதானமாக ஓட்டினால் போதும்.

சாவி போட்டதும் எல்லா விளக்கும் எரிவது ஏன்?

இக்னிஷன் ஆன் செய்ததும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து, சில நொடிகளில் அல்லது இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணையும். விளக்கு வேலை செய்கிறதா என்று கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது.

இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கு. அணையாத விளக்கு மட்டும் பிரச்சனை இல்லை. அந்த நேரத்தில் எரியவே எரியாத விளக்கும் பிரச்சனைதான். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கணும். விபத்தில் ஏர்பேக் விரிந்த காரை, புது ஏர்பேக் போடாமல், அதன் எச்சரிக்கை விளக்கை மட்டும் செயலிழக்கச் செய்து விற்பதும் நடக்கிறது. சாவி போடும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்க. எரியவே இல்லை என்றால், காரணம் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஆயில் விளக்கு: ஒரு கிலோமீட்டர் கூட வேண்டாம்

பழைய எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம், மூக்கில் ஒரு சொட்டு. இது சிவப்பில் எரிந்தால், இருப்பதிலேயே அவசரமான விளக்கு இதுதான்.

ஆயில் குறைந்திருக்கிறது என்று மட்டும் இது சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது சொல்வது ஆயில் அழுத்தத்தைப் பற்றி. இன்ஜினுக்குள் வேகமாகச் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் ஒன்றோடு ஒன்று நேரடியாக உரசுவதில்லை. பம்ப் அனுப்பும் ஆயில் மெல்லிய படலமாக நடுவில் நிற்கிறது. அழுத்தம் போனால் அந்தப் படலம் போய்விடும். இரும்போடு இரும்பு உரசும். அப்புறம் இன்ஜின் கெட்டுப்போக மணிக்கணக்கு வேண்டாம், சில நிமிடங்களே போதும்.

என்ன செய்யணும்? ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைங்க. 10 நிமிடம் விட்டு, சமதளத்தில் வண்டி நிற்கும்போது டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பாருங்க. ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால், காருக்கு ஏற்ற கிரேடு ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். விளக்கு உடனே அணையணும். ஆயில் சரியான அளவில் இருந்தும் விளக்கு எரிகிறது என்றால் பம்ப், சென்சார் என்று வேறு ஏதோ கோளாறு. சென்சார்தான் என்று நீங்களே முடிவு செய்து ஓட்ட வேண்டாம். டோ செய்வதுதான் லாபம்.

வளைவில் திரும்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ இந்த விளக்கு மின்னி மறைந்தாலும் சும்மா விடாதீங்க. ஆயில் ரொம்பக் குறைந்திருக்கலாம்.

வெப்பநிலை விளக்கு: ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க

அலை மேல் தெர்மாமீட்டர் நிற்பது போன்ற படம் சிவப்பில் வந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. கூலன்ட் கசிவு, ஃபேன் ஓடாதது, தெர்மோஸ்டாட் கோளாறு, வாட்டர் பம்ப் கோளாறு ஆகியவை வழக்கமான காரணங்கள்.

ஏசியை அணைங்க. நிறுத்த இடம் கிடைக்கும் வரை, ஹீட்டரை முழுதாக வைத்து ஃபேனைக் கூட்டினால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள் வரும். வியர்க்கும், ஆனால் இன்ஜினுக்கு உதவி. இடம் கிடைத்ததும் நிறுத்தி இன்ஜினை அணைங்க.

ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ அப்போது திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்டு, 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கும் திரவம். மூடியைத் திருகினால் அழுத்தம் விடுபட்டு, ஒரே நொடியில் கொதித்து முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும். குக்கர் விசில் அடங்காமல் மூடியைத் திறப்பது மாதிரிதான். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, கனமான துணி போட்டு மெதுவாகத் திறக்கணும். சூடாக இருக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. உலோகம் விரிசல் விடலாம்.

வேறு வழியில்லாத நேரத்தில் ஆறிய பிறகு வெறும் தண்ணீர் ஊற்றி மெக்கானிக் வரை போகலாம். அதோடு விட்டுவிடாமல் பிறகு சரியான கூலன்ட் மாற்றிவிடணும். வெறும் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே துருவும் பிடிக்கும்.

பேட்டரி விளக்கு: குற்றவாளி பேட்டரி இல்லாமலும் இருக்கலாம்

ஓடும்போது பேட்டரி படம் எரிந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்நேட்டர். அதைச் சுற்றுவது இன்ஜினோடு இணைந்த பெல்ட். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, இன்ஜின் அணைந்திருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்டணும். மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னால், புது பேட்டரி வாங்கணுமா, ஆல்டர்நேட்டரைச் சரிசெய்யணுமா என்று தெரிந்துவிடும்.

ஏசி, பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்துப் பக்கத்து ஊர் வரை போகப் பார்க்கலாம். நடுவில் இன்ஜினை அணைக்காதீங்க, மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம். இரவு நேரம் என்றால் ஹெட்லைட்டை அணைத்து ஓட்டக் கூடாது, வண்டியை ஓரங்கட்டணும்.

இதில் ஒரு விதிவிலக்கு. பல கார்களில் ஆல்டர்நேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே வெப்பநிலையும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஓட்டக் கூடாது. உடனே நிறுத்தணும்.

பிரேக் விளக்கு: ஹேண்ட் பிரேக் எடுத்தும் அணையலையா?

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, சிவப்பில். முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கா என்று பாருங்க. இறங்கியும் எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம்.

பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. குறைகிறது என்றால் இரண்டு காரணம்தான். ஒன்று, பிரேக் பேட் தேய்ந்திருக்கு. இரண்டு, எங்கேயோ கசிகிறது. அதனால் ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, மெத்தென்று இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்க.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தால், பழைய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழ் விடும். பெடலை மிதித்தாலும் வண்டி நிற்காது. இறக்கத்தில் செகண்ட் கியரில் இறங்கச் சொல்வதற்கும், பல கம்பெனிகள் 2 ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

ஏபிஎஸ் என்று மஞ்சளில் மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும். ஆனால் திடீர் பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கலாம். இடைவெளி விட்டு, மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டுங்க. சிவப்பு பிரேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்ட வேண்டாம்.

செக் இன்ஜின்: மின்னுகிறதா, நிலையாக எரிகிறதா?

இன்ஜின் வடிவத்தில் வரும் மஞ்சள் விளக்குதான் அதிகம் பேரைக் குழப்புவது. நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல ஓடும்வரை, ஓரிரு நாளில் காட்டினால் போதும். மின்னினால் கதை வேறு. சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் 'மிஸ்ஃபயர்' ஆகிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். விலை அதிகமான பாகம் அது. வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்தப் பாருங்க.

இந்த விளக்கு எரிந்ததும் கார் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டைப் பதிவு செய்யும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனர் மாட்டினால் அதைப் படிக்கலாம். உதாரணமாக 'பி0300' என்று வந்தால் மிஸ்ஃபயர். ஆனால் குறியீடு சொல்வது எங்கே தேடணும் என்பதை மட்டும்தான், எதை மாற்றணும் என்பதை இல்லை. மிஸ்ஃபயருக்குப் பழைய ஸ்பார்க் பிளக் காரணமாக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். எந்தக் குறியீடு வந்தது, எதைச் சோதித்துப் பார்த்து இந்தப் பாகத்தை மாற்றச் சொல்றீங்க என்று கேட்பது உங்க உரிமை.

டயர், டீசல், ஏர்பேக் விளக்குகள்

குதிரை லாடம் மாதிரி வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி வந்தால் டயரில் காற்று குறைவு. எவ்வளவு காற்று வேணும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு, உங்க காருக்கான அளவு இல்லை.

டீசல் காரில் சுருள் கம்பி படம் வந்தால் அது அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் செய்யணும். பிஎஸ்6 டீசல் கார்களில் டிபிஎஃப் விளக்கும் வரலாம். புகையில் இருக்கும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் அடைக்கிறது என்று அர்த்தம். தினமும் 2 கி.மீ., 3 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் 15, 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் சூட்டில் கரி எரிந்து விளக்கு அணையும். அணையாவிட்டால் சர்வீஸ் சென்டர் போகணும்.

ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் வண்டி ஓட்டுவதில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் அதை அலட்சியம் செய்கிறோம். விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்பதுதான் அதன் செய்தி.

சீட் பெல்ட் விளக்கையும் சத்தத்தையும் ஏமாற்ற ஒரு கிளிப் விற்றார்கள். உயிருக்கு ஆபத்து என்பதால் அதை விற்பனைப் பட்டியலில் இருந்து நீக்கும்படி, 2023 மே மாதம் 5 ஆன்லைன் வணிக நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஏர்பேக் என்பது சீட் பெல்ட் போட்டவரைக் காப்பாற்ற வடிவமைத்தது. பெல்ட் போடாதவரை, விரியும் ஏர்பேக்கே காயப்படுத்தலாம்.

நெடுஞ்சாலையில் நிறுத்தினால்

இடது இண்டிகேட்டர் போட்டு, முடிந்தவரை சாலையை விட்டு முழுதாக ஒதுங்குங்க. ஹசார்டு லைட்டைப் போடுங்க. ஓடும் வாகனங்கள் வராத இடது பக்கமாக எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு வெளியே தள்ளி நில்லுங்க. காருக்குள் உட்கார்ந்திருப்பதும், காருக்குப் பின்னால் நிற்பதும் ஆபத்து. காரோடு வந்த சிவப்பு முக்கோணப் பலகையை, பின்னால் வருகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் தூரத்தில் வைங்க. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

இங்கேதான் பலருக்கு அதிர்ச்சி. வழக்கமான வாகன இன்சூரன்ஸ், விபத்தால் வரும் சேதத்துக்கானது. இயந்திரக் கோளாறும், அதைத் தொடர்ந்து ஓட்டியதால் வந்த சேதமும் அதில் வராது. சிவப்பு ஆயில் விளக்கோடு ஓட்டி இன்ஜின் போனால், செலவு பெரும்பாலும் உங்க கையில் இருந்துதான்.

வெள்ளத்தில் நின்ற காருக்கும் இதே எச்சரிக்கை. 2015-லும் 2023-லும் சென்னையில் தண்ணீர் வடிந்த பிறகு, 'ஓடுதா பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் காற்றை அமுக்குவது போல அதை அமுக்க முடியாது. உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்யணும். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு உங்க பாலிசியில் இருக்கா என்று மழைக்காலத்துக்கு முன்பே பாருங்க.

விளக்கு எரியும் முன்பே: மாதம் 10 நிமிடம்

ஆயில் அழுத்தம் விழுந்த பிறகுதான் ஆயில் விளக்கு எரியும். இன்ஜின் கொதித்த பிறகுதான் சூடு விளக்கு எரியும். அதாவது விளக்கு என்பது கடைசி எச்சரிக்கை. முதல் எச்சரிக்கை உங்க கண்ணுக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது இதைப் பாருங்க.

* டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கா?
* கூலன்ட் டேங்கிலும் பிரேக் ஆயில் டேங்கிலும் அளவு மினிமம் கோட்டுக்கு மேலே இருக்கா? போன மாதத்தைவிடக் குறைந்திருக்கா?
* வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு இருக்கா? ஏசியில் இருந்து வரும் தெளிந்த தண்ணீர் என்றால் கவலை இல்லை. கறுப்பாக, பச்சையாக, சிவப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் காட்டணும்.
* ஸ்டெப்னி உட்பட 5 டயரிலும் காற்று சரியா? டயர் சூடாகும் முன் பார்க்கணும்.
* டயர் பட்டன் தேய்ந்து, இடையில் இருக்கும் சின்ன மேடுகளோடு சமமாகிவிட்டதா? அந்த மேட்டின் உயரம் 1.6 மி.மீ. அதைத் தொட்டால் டயரை மாற்றியாகணும்.
* டயரின் வயது என்ன? பக்கவாட்டில் '2321' மாதிரி 4 இலக்கம் இருக்கும். 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது என்று அர்த்தம்.
* ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் வேலை செய்யுதா?

சர்வீஸ் எப்போ விடணும்?

இந்தியாவில் விற்கும் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றணும். உங்க காருக்கான கணக்கு கையேட்டில் இருக்கும். 'வருஷத்துக்கு 3,000 கி.மீ. கூட ஓடலையே' என்று தள்ளிப்போடாதீங்க. ஓடாவிட்டாலும் ஆயில் பழசாகும். குறைந்த தூரம் மட்டும் ஓடும் காரில் இன்ஜின் முழுதாகச் சூடாகாததால் ஆயிலில் ஈரம் சேரும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் ஆயில் வேலை இல்லை. ஆனால் டயர், பிரேக் ஆயில், கூலன்ட், 12 வோல்ட் பேட்டரி எல்லாம் அதிலும் உண்டு. பல எலெக்ட்ரிக் கார்களில் ஆமை படம் வந்தால், கார் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டது என்று அர்த்தம். பேட்டரி சார்ஜ் தீர்ந்துகொண்டிருக்கலாம், அல்லது பேட்டரி அதிகம் சூடாகியிருக்கலாம்.

'லைட் போயிடுச்சு சார்' என்றால்

ஸ்கேனரில் ஒரு பட்டனை அழுத்தினால் செக் இன்ஜின் விளக்கு அணைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் அணைந்துவிடும். அது பழுது பார்த்ததாக ஆகாது. கோளாறு அப்படியே இருந்தால், சில நாளில் விளக்கு மறுபடி வரும்.

அதனால் சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்க. விளக்கு ஏன் எரிந்தது? அதற்காக எதைச் சரிசெய்தீங்க? இரண்டுக்கும் பதிலை பில்லில் எழுதி வாங்குங்க. மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்க. பதில் 'லைட் போயிடுச்சு சார்' என்று மட்டும் வந்தால், அந்தக் காரில் குடும்பத்தோடு நெடுந்தூரம் கிளம்பும் முன் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டிவிடுவது நல்லது.